மாமியார் பதிவு செய்து வைத்த ஓப்ரா கேசட்: உள்ளே எந்த நிகழ்ச்சி இருக்கும்?

சாட்ஸ்வர்த்_மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். அமெரிக்க டிவியில் ஆட்களை உட்கார வைத்துப் பேச வைத்த ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சி பதிவான ஒரு பழைய வீடியோ கேசட் விஷயமாக உங்கள் உதவி வேண்டும். கேள்வி சின்னதுதான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லாமல் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

என் அத்தை, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, இந்த மாசியில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, அவருடைய அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன். புடவைகளுக்கு அடியில், ஒரு பழைய தலையணை உறைக்குள் சுற்றி வைத்த வீடியோ கேசட் கிடைத்தது. மேலே ஒட்டிய தாளில் நீல மையில் இரண்டே வார்த்தைகள்: "ஓப்பரா. தொடாதே."

அத்தை சின்ன வயதில் கோயிலில் நடந்த சாயங்காலப் பள்ளியில் தமிழ் எழுத்து கற்றவர். அவர் கை எழுத்தில் 'தொ' எழுதினால் கொம்பு ஒரு பக்கம், 'த' ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தனித்தனியாகத் தள்ளி நிற்கும். அந்தத் தாளிலும் அப்படித்தான் நிற்கிறது. "தொடாதே" என்பது என் வீட்டுக்காரருக்கு. கையில் கிடைத்த கேசட்டில் எல்லாம் அவர் கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்துவிடுவார்.

நான் மன்னார்குடிப் பக்கம். 2001-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். வந்த புதிதில் எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. வீட்டுக்காரர் விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போய்விடுவார். பகல் முழுக்க நானும் அத்தையும்தான். அத்தை தன் 15 வயதிலிருந்து துணி ஃபேக்டரியில் மெஷினிஸ்டாக இருந்தவர். தொண்ணூறுகளில் வெளிநாட்டு மலிவுத் துணி வந்து இங்கே ஃபேக்டரிகள் வரிசையாக மூடினபோது அவருடைய வேலையும் போனது. வேலை செய்தே பழகின கை சும்மா இருக்காது. பீன்ஸ் உரிக்கும், கறிவேப்பிலை உருவும், பொத்தான் தைக்கும். ஆனால் என்னிடம் அதிகம் பேசமாட்டார். கோபம் ஒன்றும் இல்லை. அவருடைய தமிழ் எனக்குப் பாதி புரியாது, என் தமிழ் அவருக்குப் பாதி புரியாது. அவர் தமிழில் என் கொள்ளுப்பாட்டி காலத்து வார்த்தைகள் இருக்கும், நடுநடுவே இங்கிலீஷும் ஜூலுவும் வரும்.

சாயங்காலம் இந்த ஊர் டிவி சேனல் எஸ்ஏபிசி 3-ல் ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சி வரும்போது மட்டும் அவர் என்னைக் கூப்பிடுவார். "வா, ஒக்காரு." டிவி முன்னால் ஒரு பாய், நடுவில் பீன்ஸ் தட்டு. ஓப்ரா பேசப் பேச அத்தை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். "அவ கேக்கறா, அன்னைக்கு யாராவது ஒன்ன நம்புனாங்களான்னு." "இவ சொல்றா, அம்மாகிட்ட சொல்லவே இல்லன்னு." இப்படித்தான் நான் இங்கிலீஷ் கற்றேன். அத்தையின் தமிழும் அங்கேதான் கற்றேன்.

அத்தை ஒரு தையல்காரரின் கண்ணோடு ஓப்ராவைப் பார்ப்பார். சட்டையின் தோள் மூட்டில் தையல் எப்படி உட்கார்ந்திருக்கிறது, கை எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று கவனித்துச் சொல்வார். ஓப்ரா மிசிசிப்பியில் ஒரு பண்ணையில் பாட்டியிடம் வளர்ந்தவர், சின்ன வயதில் உருளைக்கிழங்கு மூட்டைச் சாக்கில் தைத்த சட்டை போட்டவர் என்று ஒரு நாள் தெரிந்தது. அன்றைக்கு அத்தை எழுந்து போய் ஒரு பழைய ஃபோட்டோவை எடுத்து வந்து காட்டினார். அதில் அவருக்கு ஏழு வயது இருக்கும். போட்டிருந்த பாவாடை மாவு மூட்டைத் துணி. உற்றுப் பார்த்தால் துணியில் மாவுக் கம்பெனியின் முத்திரை லேசாகத் தெரிந்தது.

ஒரு நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் சொந்தக்காரனால் கெடுக்கப்பட்ட ஒரு பெண் வந்திருந்தாள். ஓப்ராவும் அதே கொடுமையை அனுபவித்தவர், அதைத் தன் நிகழ்ச்சியிலேயே வெளியில் சொன்னவர். அவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. ஓப்ராவும் பேசவில்லை. டிவியில் யாரும் அப்படிப் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அத்தை மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். உரித்துக்கொண்டிருந்த பீன்ஸ் அப்படியே விரலில் நின்றது.

நிகழ்ச்சி முடிந்ததும் அத்தை டிவியை அணைத்துவிட்டுத் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் பிறந்தது டர்பனில் சோம்ட்சூ ரோடு மேகசின் பேரக்ஸில். நகராட்சி வேலைக்காரத் தமிழர்களும் தெலுங்கர்களும் இருந்த லைன் வீடுகள். கடல் பக்கத்தில்தான், அலைச் சத்தம் கேட்குமாம். அறுபதுகளில் இனவாரியாக இடம் பிரிக்கும் சட்டத்தைக் காட்டி எல்லாரையும் காலி செய்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். லாரியில் சாமான் ஏற்றும் நாளில் அவருடைய அம்மா ஒரு பழைய எண்ணெய் டின்னில் கறிவேப்பிலைக் கன்றைப் பிடுங்கி வைத்து, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். வந்து சேர்ந்த வீட்டுக்கு ரோடு பெயர் கூட இல்லை, வெறும் நம்பர். அப்பா அன்று ராத்திரி வாசல்படியில் உட்கார்ந்து அழுததை அத்தை பார்த்திருக்கிறார். அது வரை அதை யாரிடமும் சொன்னதில்லை, பெற்ற பிள்ளையிடம் கூட. அன்று என்னிடம் சொன்னார்.

2003-ல் நான் டவுனில் ஒரு சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன். அத்தை எனக்காகப் பதிவு செய்து வைப்பார். நான் களைத்துப்போய் வருவேன் என்று, விளம்பரம் வந்தால் ரிமோட்டில் பதிவை நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனை அழுத்தி வெட்டிவிடுவார். சாப்பிட்ட பிறகு இருவரும் பார்ப்போம். அப்புறம் அதே கேசட்டில் மறுநாள் பதிவாகும். அப்படி அழியாமல் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்து வைத்திருக்கிறார், அது என்ன என்று எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் வீட்டு வீடியோ மெஷினைத் தூக்கிப் போட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். பையன் கேசட்டைக் கையில் கூட வாங்கவில்லை. "ஓப்ராதானே ஆன்ட்டி, எல்லாம் யூட்யூப்ல இருக்கும்" என்றான். எனக்கு வேண்டியது அத்தை பிடித்து வைத்த ஓப்ரா.

கேள்வி இதுதான். 2003-க்குப் பிறகு, ஒருத்தர் பத்திரமாக எடுத்து வைக்கும் அளவுக்கு எந்த நிகழ்ச்சி வந்தது? இந்தக் கேசட்டைக் கெடுக்காமல் பார்க்க என்ன வழி?

பழைய_வீடியோ (டர்பன், பீனிக்ஸ்) எழுதியது:

அக்கா, முதல் காரியம்: யார் வீட்டில் மெஷின் இருந்தாலும் அந்தக் கேசட்டை அதில் போட்டுவிடாதீர்கள்.

நான் இருபத்தைந்து வருடம் வீடியோ மெஷின் ரிப்பேர் பார்த்தவன். அதற்கு முன்னால் என் அப்பா தமிழ்ப் படக் கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். டர்பன் ஈரக் காற்றுக்கு வீடியோ டேப்பில் பூசணம் பிடிக்கும். கேசட்டில் இரண்டு சின்ன ஜன்னல் இருக்கும் பாருங்கள், டார்ச் அடித்து உள்ளே சுருளைப் பாருங்கள். சுருளின் மேல்புறம் பளபளவென்று ஒரே கறுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பொடியோ சிலந்தி வலை மாதிரியோ தெரிந்தால் அது பூசணம். அப்படியே மெஷினில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், டேப் ஒட்டிக்கொண்டு அறுந்து போகவும் வாய்ப்பு உண்டு. அந்த மெஷினில் அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூசணம் ஒட்டும்.

இரண்டாவது: கேசட்டின் முதுகுப் பக்கம், லேபிள் ஒட்டும் இடத்துக்கு ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அது உடைந்திருக்கிறதா பாருங்கள். உடைத்துவிட்டால் மெஷின் அதன் மேல் பதிவு செய்யாது. பழைய ஆட்கள் கல்யாண வீடியோவுக்கு முதல் வேலையாக அதைத்தான் செய்வார்கள். உங்கள் மாமியார் அதை உடைத்திருந்தால், எழுதி வைத்த "தொடாதே"யை விட அது பெரிய பூட்டு.

பூசணம் இருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள். கேசட்டின் பிளாஸ்டிக் மேலோட்டைத் திறந்து சுருளை எடுத்து, சுத்தமான ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, வேறு ஓட்டில் மாற்றி ஓட்டலாம். முதல் தடவை ஓடும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். மெஷினிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர் வரும், மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. அதை ஒரு சின்ன யூஎஸ்பி பெட்டி வழியாகக் கம்ப்யூட்டரில் சொருகினால் போதும். "முதலில் பார்ப்போம், அப்புறம் ஏற்றுவோம்" என்று இருந்து டேப்பை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காலம் கடத்தவும் வேண்டாம். ஜப்பானில் கடைசியாக இந்த மெஷின் செய்துகொண்டிருந்த ஃபுனாய் கம்பெனியே 2016-ல் நிறுத்திவிட்டது. இப்போது ஒன்றைப் பிரித்துத்தான் இன்னொன்றை ஓட்டுகிறேன். காசு பேச்சே வேண்டாம், அக்கா.

லெனேசியா_டீச்சர் எழுதியது:

தங்கச்சி, மேகசின் பேரக்ஸ் பகுதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டுத்தான் வந்தேன். என் அம்மாவும் அங்கே பிறந்தவள்தான்.

உன் கேள்விக்கு வருகிறேன். நான் மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்வேன்.

ஓப்ரா 2002 டிசம்பரில் இங்கே வந்து கிராமம் கிராமமாக, அநாதை இல்லங்களிலும் பள்ளிகளிலும், 50,000 குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்தார். துணி, ஷூ, பள்ளிக்கூடச் சாமான், விளையாட்டுச் சாமான். பெண் குழந்தைகளுக்குக் கறுப்பு நிறப் பொம்மைகள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது வரை கிடைத்த பொம்மைகள் எல்லாம் மஞ்சள் முடியும் நீலக் கண்ணுமாக இருந்தவை, அதனால் எனக்கு அந்தப் பொம்மைகள்தான் நெஞ்சில் நின்றன. அந்தப் பயணம் அடுத்த வருடம் நிகழ்ச்சியாக வந்தது.

இரண்டாவது, 2004 செப்டம்பர் 13-ல் அமெரிக்காவில் ஒளிபரப்பான கார் நிகழ்ச்சி. பார்க்க வந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு புது போன்டியாக் கார். முதலில் பதினொரு பேரை மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சம் ஒரே ஒரு கார் இருக்கிறது, யாருடைய பெட்டியில் சாவி இருக்கிறதோ அவருக்கு என்று எல்லார் கையிலும் பெட்டி கொடுத்தார்கள். திறந்தால் எல்லாப் பெட்டியிலும் சாவி. உலகம் முழுக்க இன்னமும் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள்.

மூன்றாவது எங்கள் பக்கத்து விஷயம். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து தெற்கே போனால் ஹென்லி ஆன் கிளிப் என்று சின்ன ஊர், கிளிப் ஆற்றங்கரை. அங்கே 2007 ஜனவரி 2-ல் ஓப்ராவின் பெண்கள் பள்ளி திறந்தது. மண்டேலாவிடம் கொடுத்த வாக்கு அது, திறப்புக்கு மண்டேலாவும் வந்தார். 4 கோடி டாலர் செலவு, முதல் வருடம் 152 பிள்ளைகள், எல்லாரும் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்று அப்போது இங்கேயே பலர் பேசினார்கள். நாற்பது பிள்ளைகளை ஒரு உடைந்த ஜன்னல் வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தியவள் நான். ஏழைப் பிள்ளைக்கு நல்ல மேசை எதற்கு என்று கேட்கும் கேள்வி எனக்குப் பிடிக்காது. தெரிந்தவர் வீட்டுப் பெண் ஒருத்தி அங்கே படித்தாள். முதல் லீவுக்கு வந்தபோது அவள் அம்மாவிடம் சொன்னது, அங்கே ராத்திரி படிக்க ஒவ்வொருத்திக்கும் தனி விளக்கு இருக்கிறது என்பதைத்தான்.

உன் மாமியார் எடுத்து வைத்தது முதலாவதாக இருக்கும் என்று என் மனசு சொல்கிறது.

மாரிட்ஸ்பர்க்_தாத்தா எழுதியது:

டீச்சர் அம்மா சொன்னதில் கார் நிகழ்ச்சியை நான் சேர்க்கமாட்டேன். அதற்கு வரி கட்ட வேண்டியிருந்தது, ஆயிரக்கணக்கான டாலர், சிலர் திண்டாடினார்கள். அது நல்ல மனசில் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஓப்ராவை நான் மதிப்பது பரிசுக்காக இல்லை. இந்தப் பிள்ளை எழுதியிருக்கிறதே, கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார் என்று, அதற்காகத்தான்.

இந்த வகை நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தவர் ஃபில் டோனஹ்யூ. 1967-ல் ஒஹாயோ மாநிலம் டேட்டனில் ஆரம்பித்தார். வீட்டில் இருக்கும் பெண்களுக்குச் சமையலும் அழகுக் குறிப்பும் போதும் என்று டிவிக்காரர்கள் நினைத்த காலம் அது. அவர் மைக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அந்தப் பெண்களையே கேட்டார். 2024 ஆகஸ்டில் 88 வயதில் இறந்தார். அவர் இல்லாவிட்டால் தன் நிகழ்ச்சியே இருந்திருக்காது என்று ஓப்ரா பல தடவை சொல்லியிருக்கிறார். 1984 ஜனவரியில் சிகாகோவில் ஒரு உள்ளூர்க் காலை நிகழ்ச்சியை ஓப்ரா கையில் எடுத்தபோது, அதே ஊரில் டோனஹ்யூ கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். சில வாரங்களிலேயே ஓப்ரா அவரை முந்திவிட்டார். டோனஹ்யூ நின்றுகொண்டு கேட்டார், ஓப்ரா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அது. 1986 செப்டம்பர் 8 முதல் 2011 மே 25 வரை, 4,561 நிகழ்ச்சிகள்.

எங்கள் நாட்டிலேயும் ஒருவர் உண்டு, மறந்துவிடக் கூடாது. தொண்ணூறுகளில் எஸ்ஏபிசியில் ஃபெலிசியா மபூசா-சட்டில். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து, அது வரை ஒரே பெஞ்சில் உட்கார அனுமதி இல்லாத ஜனங்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்துப் பேச வைத்தார். 1976-ல்தான் இந்த நாட்டுக்கு டிவியே வந்தது என்பதை இப்போதைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அந்த டிவியில் நம் மாதிரி ஆட்கள் வாய் திறந்து பேச எத்தனை வருடம் ஆனது!

எங்கள் ஊர்க்காரன் என்ற முறையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2003-ல் ஓப்ரா தன் வாசகர் வட்டத்துக்கு ஆலன் பேட்டன் 1948-ல் வெளியிட்ட நாவலை எடுத்துக்கொண்டார். பேட்டன் மாரிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், கதை தொடங்குவது இக்ஸோப்போ மலைப்பக்கம். அந்த வட்டம் 1996-ல் ஆரம்பித்தது, அவர் ஒரு புத்தகத்தைக் கையில் தூக்கிக் காட்டினால் லட்சக்கணக்கில் விற்கும். நான் நாற்பது வருடம் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தவன். அந்த நாவலை எத்தனையோ தடவை தூசு தட்டி அடுக்கியிருக்கிறேன். அந்த வருடம் அதைக் கேட்டு வந்தவர்களில் அரைவாசி பேர் அது வரை நூலகத்துக்குள் கால் வைக்காத பெண்கள். ஒருவர் கையில் மார்க்கெட் பையோடு நின்று, "ஓப்ரா சொன்ன நம்ம ஊர் புக்" என்று கேட்டார். கார்டு போட்டுக் கொடுத்தேன். அவர் பிறகு வாராவாரம் வந்தார்.

கேசட்டை அந்தத் தம்பியிடம் கொடுங்கள், அம்மா. வேறு கடைக்கு அலைய வேண்டாம்.

கடலோரம்_87 எழுதியது:

அக்கா, எங்கள் ஆயாவும் இப்படித்தான். மவுன்ட் எட்ஜ்கோம்ப் கோயில் திருவிழா தவிர வேறு எதற்காகவும் ஓப்ராவை விடமாட்டார். கடைசி நிகழ்ச்சி அன்று நான் பக்கத்தில் இருந்தேன். விருந்தாளி இல்லை, பரிசு இல்லை, ஓப்ரா மட்டும் தனியாக நின்று பேசினார். இத்தனை வருடத்தில் தன்னிடம் பேசிய கிட்டத்தட்ட 30,000 பேருக்கும் பொதுவான ஒரே ஆசை, தன்னை ஒருவர் கவனித்துக் கேட்க வேண்டும் என்பதுதான் என்று சொன்னார். தன் நாலாம் வகுப்பு டீச்சரைக் கூட்டத்தில் காட்டி நன்றி சொன்னார். ஆயா எழுந்து டிவியைப் பார்த்துக் கும்பிட்டார்.

கேசட்டில் என்ன இருந்தது என்று கட்டாயம் வந்து சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த்_மருமகள் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் வெள்ளையாக இருந்தது. பிளாஸ்டிக் பல்லையும் தேடினேன். உடைத்திருந்தது. கத்தி நழுவி ஓட்டில் ஒரு கீறலும் விழுந்திருந்தது.

போன சனிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் பீனிக்ஸ் போனோம். தம்பி அடியில் இருந்த ஐந்து திருகாணியைக் கழற்றி, சுருளை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது மாதிரி எடுத்தார். துடைத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் மனைவி எங்களுக்கு டீயும் முறுக்கும் கொடுத்தார்கள், யாராலும் சாப்பிட முடியவில்லை. பிறகு வேறு ஓட்டில் மாற்றி மெஷினில் போட்டார். படம் வந்தது. அடியில் ஒரு வெள்ளைக் கோடு ஆடிக்கொண்டே இருந்தது, நிறம் கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தது, ஆனால் சத்தம் தெளிவு.

டீச்சர் அக்கா, நீங்கள் சொன்னதுதான். முதலில் வருவது அந்தக் கிறிஸ்துமஸ். பாட்டு, குழந்தைகள், பெட்டிகள், பொம்மைகள். அத்தை அதைப் பார்த்தபோது என்னிடம் சொன்னது இப்போது ஞாபகம் வந்துவிட்டது. மூணு பிள்ளைங்களுக்கு மூணு பொம்ம தெச்சுக் கொடுத்தேன், ஃபேக்டரில மிஞ்சின பழுப்புத் துணில, கண்ணுக்குக் கறுப்புப் பட்டன் வெச்சு, என்றார். வீட்டுக்காரருக்கும் அது ஞாபகம் இருக்கிறது. அவருக்கும் ஒன்று இருந்ததாம், அவர் கூடப் பிறந்த தம்பிக்குப் பல் முளைத்தபோது அதன் காதைக் கடித்துத் தின்றுவிட்டானாம். அதற்குப் பிறகு கேசட்டில் கார் நிகழ்ச்சியும் கொஞ்சம் இருக்கிறது, பாதியில் நிற்கிறது. மூன்றாவதாக ஒரு துண்டு, ஒரு வயதான அம்மா பேசுகிறார், ஓப்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அது எந்த நிகழ்ச்சி என்று தம்பிக்கும் தெரியவில்லை. தாத்தா, அந்தத் துண்டை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அத்தை விளம்பரத்தை வெட்டிய இடங்கள் எல்லாம் டேப்பில் அப்படியே தெரிகின்றன. ஓப்ரா "இடைவேளைக்குப் பிறகு" என்று சொல்லி முடித்ததும் படம் ஒரு துள்ளுத் துள்ளும், உடனே அடுத்த பகுதி வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதல் இரண்டு மூன்று வார்த்தைகள் இருக்காது. அத்தைக்குத் தையல் வேலையால் விரல் மூட்டு மடங்காது, ரிமோட்டை இடது உள்ளங்கையில் வைத்து வலது கட்டை விரலால் அழுத்துவார், அதற்கு அந்த நேரம் பிடிக்கும். ஓப்ரா வாக்கியத்தின் நடுவிலிருந்துதான் பேச ஆரம்பிப்பார், எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார். யூட்யூப்பில் அவர் முழு வாக்கியமாகப் பேசுவதைக் கேட்டால் எனக்கு வேறு யாரோ மாதிரி இருந்தது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விளம்பரம் வெட்டப்படவில்லை. சோப்பு, டீத்தூள், ஏதோ இன்ஷூரன்ஸ், எல்லாம் முழுசாக ஓடுகின்றன. தம்பி அதை ஓட்டிவிடப் போனார். வீட்டுக்காரர் வேண்டாம் என்று கையைப் பிடித்தார். "அம்மா எழுந்து போயிருக்காங்க" என்றார்.

மழை வந்திருக்கும். டிசம்பர் மாதச் சாயங்கால மழை. கொடியில் துணி கிடந்திருக்கும், நான் வேலைக்குப் போயிருப்பேன், அவர்தான் ஓடியிருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் அந்த விளம்பரங்களை ஒன்று விடாமல் உட்கார்ந்து பார்த்தோம். பிறகு ஓப்ரா வந்தார், இந்தத் தடவை முழு வாக்கியமாக. கொஞ்ச நேரம் பேசினார். அடுத்த விளம்பரத்தின் முதல் படம் வந்ததும் திரை ஒரு துள்ளுத் துள்ளியது. அத்தை துணியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.